முத்திரை விழுந்த நாளிலிருந்து எண்ணியவள்

தொழிலாளர் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். யார் யோசனையோ தெரியவில்லை. நான் பணியில் இருந்த முப்பத்தோரு வருடமும் என் வாயை மூட வைப்பதே சில மேலதிகாரிகளுக்குத் தனி வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றதும் ‘மனம் விட்டு எழுதுங்கள் மேடம்’ என்கிறார்கள். சரி, எழுதுகிறேன். சாதித்த கதைகளை எழுத ஆள் பஞ்சமே இல்லை, அவை உங்களிடம் வந்து சேரும். நான் சொல்லப்போவது நான் செய்த தவறு ஒன்றை. உண்மையில் இரண்டு தவறுகள். இரண்டாவதைச் செய்ததே எனக்கு நாலு மாதம் தெரியாது.

கொரோனாவில் விமானங்கள் எல்லாம் தரையில் நின்ற காலம் அது. நீங்கள் கல்லூரியில் இருந்திருப்பீர்கள். பறக்காத விமானத்துக்கு யார் உதிரிப் பாகம் வாங்குவார்கள்? பெங்களூரைச் சுற்றி வெளிநாட்டு விமானங்களுக்குப் பாகம் செய்து அனுப்பும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தன. அது பேப்பரில் வந்தது. பேப்பரில் வந்துவிட்டால் அரசாங்கம் சும்மா இருக்க முடியாது. ‘விமானத் தொழிலாளர் உடனடி உதவிக் குழு’ என்று ஒன்றை அமைத்தார்கள். அந்த உடனடிக் குழு முதல் தடவை கூடுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. எந்த அலுவலகத்தின் லெட்டர்ஹெட்டில் அழைப்பு அனுப்புவது என்று முடிவாகவில்லை.

இந்த நேரத்தில்தான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை, மூடுவதற்கு அனுமதி கேட்டு எங்களிடம் விண்ணப்பம் கொடுத்தது. விமான இறக்கைக்கு உள்ளே வரும் தகட்டுப் பாகங்களைச் செய்யும் இடம். நூற்று எண்பது பேருக்கு அங்கே வேலை. அவ்வளவு பேர் வேலை செய்யும் ஆலையை முதலாளி நினைத்த மாத்திரத்தில் மூடிவிட்டுப் போக அப்போதைய சட்டம் விடாது. அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். அரசு ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ அறுபது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். இப்போது புதுச் சட்டம் வந்து எத்தனை பேர் என்ற கணக்கு மாறியிருக்கிறது. அறுபது நாள் அப்படியேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இரு தரப்பையும் விசாரித்து, பதில் ஆணையின் வரைவைத் தயாரிப்பது என் பொறுப்பு. தொழிலாளர்கள் பக்கம் பேச வந்தவள் ஸ்டெல்லா. பிரேசர் டவுன்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், தொழிற்சங்கச் செயலாளர். செய்து முடித்த பாகங்களைச் சோதித்துப் பார்த்து முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டர் வேலை அவளுக்கு. அந்தத் தொழிலில் ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் எண் போட்ட தனி முத்திரை உண்டு. அதை இன்னொருவருக்குக் கடன் கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஸ்டெல்லா அதிகம் பேசமாட்டாள். கொண்டுவந்த காகிதங்களை வரிசையாக மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் தேதி இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுவாள்.

அவள் காட்டிய காகிதங்களிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டர்களை ரத்து செய்யவில்லை, தள்ளித்தான் வைத்திருந்தது. ஒரு வருடம் தாக்குப் பிடித்தால் தொழிற்சாலை பிழைக்கும். நிர்வாகத்துக்குத் தாக்குப் பிடிக்க மனமில்லை, அவ்வளவுதான். அனுமதி மறுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். எங்கள் அலுவலகத் தலைவரும் ஒப்புக்கொண்டார். அவருக்குப் பெயர் வேண்டாம், பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கோபமே வராது. “பேசினா காத்துல போயிடும்மா, எழுதினா கழுத்துக்கு வரும்” என்பது அவருடைய ஒரே உபதேசம். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அதனால் கெட்டதையும் அவரிடம்தான் கற்றேன்.

ஆக, செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம். ‘முடியாது’ என்ற ஒரு பக்க ஆணை அறுபது நாளுக்குள் வெளியே போக வேண்டும். போனால் நூற்று எண்பது பேருக்கு வேலை இருக்கும்.

இதற்கு நடுவில் உதவிக் குழு வேலைவாய்ப்பு முகாம் ஒன்றை அறிவித்தது. எங்கள் அலுவலகம் மொத்தமும் அதில் இறங்கிவிட்டது. பந்தல் யார், மைக் யார், மந்திரிக்கு எந்தப் பூவில் மாலை என்று தினமும் கூட்டம். வேலை போகாமல் காப்பாற்ற வேண்டிய ஃபைல் என் மேசையில் இருந்தது, வேலை போனவர்களுக்கு உதவுகிற ஃபைல்கள் அதன் மேல் ஏறிக்கொண்டே போயின. தாலியை எங்கேயோ வைத்துவிட்டுப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த கல்யாண வீடு எங்களுடையது.

முகாம் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனரில் விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை ஆட்கள் முப்பது பேர் அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். முருகேசன் என்ற பையன், அவனைப் பையன் என்கிறேன், முப்பத்தாறு வயது, தகடுகளில் ரிவெட் ஆணி அடிக்கிறவன், அவன்தான் சொன்னான். “வால்ல றெக்கை இல்ல மேடம். பேனர் அடிச்சவன் வெட்டிட்டான். இது ஏறுன வேகத்துல மூக்கு குத்திக்கினு விழுந்துரும்.” நான் மேடையைப் பார்த்தேன். மந்திரி அந்த விமானத்துக்கு நேர் கீழே நின்று, தொழிலாளர் வாழ்வு மீண்டும் உயரே பறக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

பதிவு மேசையில் கம்ப்யூட்டர். அதில் ‘திறமை’ என்ற கட்டத்தில் தையல், சமையல், ஓட்டுநர், அழகுக்கலை, இதர என்று ஐந்து. ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் இறக்கைத் தகட்டில் துளை போடுகிற நூற்று எண்பது பேரும் இதர. ஸ்டால் போட்டவர்கள் காவலாளி ஏஜென்சி, சாப்பாடு டெலிவரி, இன்சூரன்ஸ், அழகு நிலையப் பயிற்சி. முருகேசனுக்கு அழகு நிலைய ஸ்டாலில் ஒரு ஷாம்பு பொட்டலம் கொடுத்தார்கள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: “எங்கப்பாவுக்குக் கோலார்ல கோல்டு மைன்ஸ மூடினாங்க. எனக்குப் பொம்மசந்திராவுல மூடறாங்க. எங்க வீட்டுக்கு இதே பொழப்பு மேடம்.” நானும் தங்கவயலில் பிறந்தவள். என் அப்பாவும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். அதை அவனிடம் சொல்லவில்லை. “ஒண்ணும் மூட மாட்டாங்க, நான் இருக்கேன்” என்றேன். எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்கள்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள்.

“மேடம், எங்க ஆர்டர் போயிடுச்சா?”

“தயாரா இருக்கு. இந்த முகாம் முடியட்டும்.”

“இன்னும் மூணு நாளுதான் இருக்கு மேடம்.”

“ஒன்பது நாள் இருக்கு” என்றேன்.

அவள் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தாள். விண்ணப்பம் எங்கள் வாசல் கவுண்டரில் கொடுக்கப்பட்டதற்கான ரசீது. கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். தேதி மேல் விரலை வைத்தாள். “உங்க ஆபீசுக்கு வந்த தேதி இது மேடம். நீங்க பார்த்த தேதி வேறயா இருக்கும்.”

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் ஒரு காகிதம் எப்போது பிறக்கிறது? எழுதப்பட்டபோது அல்ல, கொடுக்கப்பட்டபோதும் அல்ல. நம் பிரிவின் முத்திரை அதன் மேல் விழும்போதுதான். அதற்கு முன்னால் அது உலகத்திலேயே இல்லை. கவுண்டரில் வந்த விண்ணப்பம் என் பிரிவுக்கு வந்து முத்திரை வாங்க ஆறு நாள் ஆகியிருந்தது. முத்திரை குத்துகிற குமாஸ்தாவை உடனடி உதவிக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் முத்திரை தேதியிலிருந்து எண்ணினேன். இருபத்தெட்டு வருடம் அப்படித்தான் எண்ணி வந்தேன். ஒரு பெட்டிக்கடைக்காரர்கூடச் செய்யமாட்டார் இந்தத் தவறை, நம்மைப் போன்றவர்களால்தான் முடியும்.

அவள் விரல் வைத்த இடத்தை நான் பார்க்கவில்லை. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், மாலை வரவில்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நீ எனக்குச் சட்டம் சொல்லித் தரியா? உன் வேலைய நீ பாரு, என் வேலைய நான் பாக்கறேன்” என்றேன். அவள் முகம் மாறவில்லை. நகலை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை மந்திரியின் நிகழ்ச்சி நிரலோடு சேர்த்து மடித்துவிட்டேன்.

என் கணக்கில் ஐம்பத்தேழாவது நாள் காலையில் ஆணையைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். மூன்று நாள் முன்னதாகவே முடித்துவிட்ட பெருமை வேறு. அவரும் “பேஷ்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு மணிக்குக் கம்பெனியின் சட்ட அதிகாரி ஒரு கடிதத்தோடு வந்தார். மரியாதையான மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கடிதத்தில் நாலே வரி. தொழிற்சாலையை மூட அரசு வழங்கிய அனுமதிக்கு நிர்வாகத்தின் மனமார்ந்த நன்றி. இன்று காலை முதல் ஆலை மூடப்பட்டது. இணைப்பு: கவுண்டர் ரசீதின் நகல்.

“யார் அனுமதி கொடுத்தது?” என்றார் பெரியவர்.

“நீங்கதான் சார்” என்றார் அவர், பணிவாக. அன்றைக்கு அறுபத்து மூன்றாவது நாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா கொடுத்த நகல் என் கைப்பையில், மாலைக்கடை பில்லோடு இருந்தது.

மத்தியானத்துக்குள் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்குப் போனவர்களைக் கேட்டிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். ஐம்பது அறுபது பேர் எங்கள் காம்பவுண்டில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரியவர் கதவைச் சாத்தச் சொன்னார். “யானைக்கும் அடி சறுக்கும்மா, அழாதே. ஆய்த்து, நடந்தது நடந்துபோச்சு. வழி இருக்கு” என்றார். வழி இதுதான். ஆணையில் ஐம்பத்தொன்பதாவது நாளின் தேதியைப் போடுவது. வெளியே போகும் கடிதங்களைப் பதிகிற பதிவேட்டில் ஒவ்வொரு நாள் கடைசியிலும் இரண்டு வரி காலியாக விடுவது எங்கள் அலுவலகத்தின் பழைய வழக்கம். எதற்கு என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, அன்றுதான் புரிந்தது. அந்தக் காலி வரியில் இதை எழுதுவது. ‘எங்களுக்கு வரவில்லை’ என்று கம்பெனி சொல்லும். சொல்லட்டும். தொழிலாளர் பிரதிநிதி அன்றைய தேதியில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஆணை நிற்கும்.

அவரைத் திட்டாதீர்கள். அதில் அவருக்குச் சொந்த லாபம் எதுவுமில்லை. நூற்று எண்பது குடும்பம் என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னையும் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

ஸ்டெல்லாவை மட்டும் உள்ளே கூப்பிட்டோம். முருகேசன் அவளோடு வராந்தா வரை வந்து வெளியே நின்றான். பெரியவர் அவளுக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, ஆணையைக் காட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். ‘அனுமதி மறுக்கப்படுகிறது’ என்ற இடத்தில் அவள் கண் கலங்கியது. பிறகு தேதிக்கு வந்தாள்.

“சார், இது எனக்கு இன்னைக்குத்தானே வந்துச்சு?”

“ஆமாம்மா. ஆனா ஐம்பத்தொன்பதாம் நாள்னு போடு.”

“அன்னைக்கு என் கையில பேப்பர் இல்லியே சார். இன்னைக்குத் தேதி போட்டு வாங்கிக்கறேன்.”

“இன்னைக்குத் தேதி போட்டா இது வெறும் காகிதம்மா. நூத்தியெண்பது பேருக்கு வேலை போகும். உனக்கும்தான்.”

“தெரியும் சார்.”

“அப்புறம் என்ன?”

அவள் காபி டம்ளரைத் தள்ளி வைத்தாள். “பார்க்காத பார்ட்டுக்கு ஒரு வாட்டி ஸ்டாம்ப் அடிச்சேன்னு வைங்க. அதுக்கப்புறம் நான் அடிச்ச ஒண்ணையும் நம்ப முடியாது சார். பத்தொம்போது வருஷம் அடிச்சதை மொத்தமா பிரிச்சுப் பார்க்கணும். ஏற்கனவே அதெல்லாம் மேல பறந்துக்கினு இருக்குது, ஆளுங்க உக்காந்துனு இருக்காங்க.”

“இது விமானம் இல்லம்மா, காகிதம்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். “நாளை யாரு மேடம் தப்பா எண்ணினது?”

“நான்தான்” என்றேன். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அப்போ அதையே எழுதிக் குடுத்துருங்களேன். எங்க கம்பெனில தப்புப் பண்ணவங்களே எழுதிக் குடுத்தா வேலை போகாது. மறைச்சாத்தான் போகும்.”

பெரியவர் சிரித்துவிட்டார். “எங்ககிட்ட நேர் எதிர்ம்மா” என்றார்.

அவள் எழுந்தாள். கதவருகே அவளை நிறுத்தி, “உள்ளே பேசினதை வெளியே யாருக்கும் சொல்லாதேம்மா, ஆபீஸ் விஷயம்” என்றேன். பழக்க தோஷம், இருபத்தெட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லும் வாக்கியம். அவள் தலையாட்டினாள். இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கே அன்றைக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அவள் போனபிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சட்டத்தில் நேரான வழி ஒன்று இருந்தது. அரசு தன் முடிவைத் தானே மறுபரிசீலனை செய்யலாம். பதில் சொல்லாமல் கொடுத்த அனுமதிக்கும் அது பொருந்தும் என்று வாதாடலாம். ஆனால் எதற்காக மறுபரிசீலனை என்று காரணம் எழுத வேண்டும். எழுதினேன். ‘காலக்கெடுவை நான் தவறாகக் கணக்கிட்டேன். தொழிலாளர் பிரதிநிதி முன்கூட்டியே எச்சரித்தும் நான் கேட்கவில்லை.’ பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். “முப்பத்தஞ்சு வருஷத்துல ஃபைல்ல இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்ததில்ல” என்றார். பென்சிலால் அந்த இரண்டு வரிகளைச் சுற்றி வட்டம் போட்டு ‘தேவையா?’ என்று எழுதினார். நான் அடிக்கவில்லை. பென்சில் வட்டத்தோடே ஃபைல் மேலே போயிற்று.

மேலே அதற்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லியாக வேண்டும். மறுபரிசீலனைக்கு நாலு மாதம் ஆயிற்று. என் மேல் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை பதினோராவது நாளே வந்துவிட்டது. அரசாங்கத்தில் அவ்வளவு வேகமான காகிதத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் ஒன்றே ஒன்று, என் கையால் எழுதிய குறிப்பு. ஆறு நாள் விண்ணப்பத்தைத் தூங்க வைத்த கவுண்டருக்கு ஒன்றுமில்லை. உதவிக் குழுவில் பணிபுரிந்ததற்காக முத்திரைக் குமாஸ்தாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ். எனக்குப் பதவி உயர்வு நின்றது. கடைசி வரை அது வரவில்லை.

ஆனால் சொல்லட்டுமா, எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கேன்டீனில் குறிப்பாணையைப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். உண்மையை எழுதியவள் நான் ஒருத்தி என்று நினைப்பு. ஸ்டெல்லா என்ன ஆனாள் என்று விசாரிக்கவில்லை. நியாயத்துக்கு நிற்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

நாலாவது மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. அனுமதி ரத்து, தொழிற்சாலையைத் திறக்க வேண்டும். அதற்குள் வெளிநாட்டு ஆர்டர்களும் மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்ததால் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. நானே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அவள் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையில் இருந்தாள்.

“ஸ்டெல்லா, ஜெயிச்சுட்டோம்மா. திறக்கறாங்க.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று புரிந்தது. பிறகு, “திறக்கற அன்னைக்கு கேட்டுக்கு ஒரு வாட்டி வருவீங்களா மேடம்? நீங்களே வந்து சொல்லணும்” என்றாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாலை போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். இருப்பதிலேயே நல்ல பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் போனேன்.

கேட்டுக்கு வெளியே நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். மாலை எதுவும் தென்படவில்லை. கூட்டம் ஒரு பக்கம். செக்யூரிட்டி அறைச் சுவரோரமாக ஸ்டெல்லா தனியாக ஒரு பக்கம். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

“ஏம்மா தனியா நிக்கற?” என்றேன்.

“நாலு மாசமா இப்படித்தான் மேடம். அன்னைக்கு நான் கையெழுத்துப் போடாததுனாலதான் வேலை போச்சுன்னு அல்லாருக்கும் கோவம். உங்க ஆபீஸ் பியூன் முருகேசன்கிட்ட சொல்லிட்டாரு. சர்க்கார் ஆர்டர் ரெடியா வெச்சிருந்துச்சு, அந்தம்மா ஒரு கையெழுத்துப் போடலன்னு. சர்ச்சுல கூட நம்ம ஆளுங்க பக்கத்துல உக்கார்றதில்ல.”

“நீ நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதானே மேடம் வெளிய சொல்லாதேன்னீங்க.”

அதற்கு அப்புறம் நான் எந்த ஒத்திகையையும் பேசவில்லை. அந்தக் காலி இடத்தில் போய் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பட்டுப் புடவை வேறு உடம்பெல்லாம் கனத்தது. “ஆர்டர் அறுபது நாளுக்குள்ள வெளிய போகல” என்று ஆரம்பித்தேன். “நாள் கணக்கைத் தப்பா எண்ணினது நான். மூணு நாள் முன்னாடியே இவங்க வந்து சொன்னாங்க, நான் விரட்டிட்டேன். அப்புறம் பழைய தேதியைப் போட்டுப் பொய்க் கையெழுத்து கேட்டோம், அதைத்தான் இவங்க போடல. யாருக்கும் சொல்லாதேன்னும் நான்தான் சொன்னேன்.”

முருகேசன்தான் முன்னால் வந்தான். சாப்பாடு டெலிவரி கம்பெனியின் சட்டை இன்னும் அவன் மேல் இருந்தது.

“இதைச் சொல்றதுக்கு நாலு மாசமா மேடம்?”

“அன்னைக்கே எழுதி வெச்சேன்பா. என் தப்புன்னு எழுதி வெச்சேன்.”

“எங்க எழுதி வெச்சீங்கோ?”

“ஃபைல்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முருகேசன் சிரிக்கவில்லை. “அந்த ஃபைலு எங்க கையில வருமா மேடம்?” என்று கேட்டான். கேலியில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வராது என்று தலையை ஆட்டினேன்.

அவன் என்னைத் தாண்டிப் போனான். ஸ்டெல்லா முன்னால் போய் நின்று அவளைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த ஹெல்மெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் வரவில்லை.

“சாப்டியாக்கா?” என்றான்.

“இல்லடா” என்றாள்.

“வா. உள்ள கேன்டீன் திறந்துட்டாங்களாம்.”

அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவனோடு நடந்தாள். சுவரோரமாகக் கிடந்த அவளுடைய டிபன் பையை இன்னொருவன் எடுத்துக்கொண்டான். ஒவ்வொருவராக எல்லோரும் அவள் பின்னால் கேட்டுக்குள் போனார்கள். என்னை யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. நான் ரோட்டைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்றேன்.